முப்பத்தொன்றாம் நம்பர் செடி

மேடத்தின் தோட்டத்தில் பூப் பறிக்கக் கூடாது. ஹைதராபாத்தில் பட்டான்செரு சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் பாதையில் அந்த வீடு இருந்தது. காலையில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது வேலியோரம் வந்து தலைக்கு ஒரு பூக் கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்ல வராது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். "ஈயன தக்கர பூவூ ராது, மாட்டா ராது" என்று ஒருத்தி தெலுங்கில் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். இந்த ஆளிடமிருந்து பூவும் வராது, பேச்சும் வராது என்று அர்த்தம். அவர்கள் சொன்னது சரிதான்.

பூவைப் பறித்துவிட்டால் காய் கிடைக்காது. ரோஜாவுக்குக் காய் உண்டு என்பதே நாற்பது வயதுவரை எனக்குத் தெரியாது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுக்கும்போது ஆரஞ்சு நிறமாக இருக்கும். அதற்குள் இருக்கும் விதைக்காகத்தான் அந்தத் தோட்டமே.

நான் அங்கே வேலைக்குப் போனது எதிர்பாராமல் நடந்தது. சனத்நகரில் ஓர் இன்ஜினியரிங் ஒர்க்ஷாப்பில் பதினெட்டு வருடம் லேத் ஓட்டினேன். என் அப்பாவும் அங்கேதான் இருந்தார். ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த வருடங்களில் எங்கள் ஒர்க்ஷாப்பைப் பூட்டிவிட்டார்கள். பத்தாவது படித்த எனக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை இல்லை. வாசலில் செக்யூரிட்டியாக நிற்கலாம். ஆனால் வருகிறவர்கள் எல்லோரிடமும் பேச வேண்டும். தமிழ்க்காரம்மா ஒருவர் தோட்டத்துக்கு ஆள் தேடுகிறார், அதிகம் பேசாத ஆளாக இருந்தால் நல்லது என்கிறார் என்று பழைய போர்மேன் சொன்னதும் நான் உடனே போய் நின்றேன்.

மேடத்துக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கம். தாவர விஞ்ஞானி. அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்காலத்தில் பாதியை லடாக் பக்கம் மலையில் கழித்தவர். அங்கே குளிர்காலத்தில் எல்லாம் உறைந்து போகும். ரோஜாவை வைத்தால் மறு வருடம் குச்சிகூட மிஞ்சாது. காட்டு ரோஜா மட்டும் பிழைக்கும். அது வருடத்துக்கு ஒரே தடவை, பத்துப் பதினைந்து நாள் பூத்துவிட்டு முள்ளாக நிற்கும். அந்தக் குளிரிலும் சாகாமல், கோடை முழுவதும் விடாமல் பூக்கும் ஒரு ரோஜாவை உண்டாக்க வேண்டும். மேடத்துக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நான் பார்க்கவில்லை.

"குளிருக்கு வேணும்னா குளிர்லதானே மேடம் செய்யணும்? ஹைதராபாத்ல எப்படி?" என்று நான் கேட்டது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து. நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அட, பேசுதியளே!" என்றார் மேடம். "அங்க எனக்கு ஒரு வருஷத்துல பூக்குறது ரெண்டு மாசம். இங்க மார்கழி, தை, மாசின்னு பூத்துக்கிட்டே இருக்கும். பிள்ளை பெறதுக்கு இந்த ஊரு. பிள்ளைய வளக்கதுக்கு அந்த ஊரு."

பிள்ளை பெறுகிற வேலையைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மொட்டு விரிவதற்கு முந்தின நாள் காலையில் இதழ்களை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். பிறகு பட்டர் பேப்பர் உறை மாட்ட வேண்டும். மறுநாள் உறையைக் கழற்றி, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, மறுபடி உறை. பூ கொடுக்கும் செடி தாய். மகரந்தம் கொடுக்கும் செடி தகப்பன். தோட்டத்தில் இருந்த செடிக்கெல்லாம் நம்பர் உண்டு. எந்தத் தாய்க்கு எந்தத் தகப்பன் என்று பதிவேட்டில் எழுதுவார். சித்திரையில் காய் பழுத்ததும் விதையை ஈர மணலில் கலந்து பிரிட்ஜில் மூன்று மாதம் வைப்பார். குளிர்காலம் வந்துபோய்விட்டது என்று விதையை ஏமாற்றத்தான் அது. ஆவணியில் தட்டுகளில் விதைப்போம். தட்டுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. அதில் மார்க்கர் பேனாவால் தாய் நம்பர், தகப்பன் நம்பர்.

லேத்தில் நூலிழை பிசகாமல் கடைந்த கை. எனக்கு வேலை பிடித்துவிட்டது. "என் கைய விட உங்க கை நல்லா நிக்கி" என்று மேடம் சொன்ன அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இரண்டாவது வருடம் நவராத்திரிக்கு மேடம் சென்னையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். சரஸ்வதி பூஜை அன்று தோட்டத்தில் நான் தனியாக இருந்தேன்.

ஒர்க்ஷாப் ஆட்களுக்கு ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. எங்கள் ஒர்க்ஷாப்பில் முந்தின நாளே மெஷினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஸ்பேனரையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளவென்று அடுக்குவோம். சந்தனம், குங்குமம், மாலை, பொரி. கதவைப் பூட்டிய பிறகு அந்த நாள் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அன்று தோட்டத்து ஷெட்டைக் கழுவினேன். கத்தரி, ஒட்டுக் கத்தி, இடுக்கி, ஸ்பிரேயர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். நாற்றுத் தட்டுகளில் செருகியிருந்த பட்டைகளில் பாசி படிந்திருந்தது கண்ணில் பட்டது. ஆயுதம் என்றால் அதுவும் ஆயுதம்தானே என்று முதல் இரண்டு பட்டைகளைப் பிடுங்கி ஒரே துணியில் சேர்த்துத் துடைத்தேன்.

துணி கறுப்பானது. பட்டை இரண்டும் எழுத்தே இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

மூன்றாவது பட்டையைத் தொடவில்லை. பதிவேட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு ஒத்துப் பார்த்தேன். மிஞ்சியவை இரண்டு பதிவுகள். இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், ஏழாம் நம்பர். ஒன்றுக்குத் தகப்பன் பன்னிரண்டு, இன்னொன்றுக்கு முப்பத்தொன்று. எந்தத் தட்டு எது? இரண்டிலும் நாற்று விரல்நக உயரம்தான் இருந்தது. ஒரே காயின் விதைகளே ஒன்றுபோல் ஒன்று வளராது என்று மேடம் சொல்லியிருக்கிறார். இலையைப் பார்த்தேன், தண்டைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஜன்னல் பக்கம் இருந்த தட்டுக்குப் பன்னிரண்டு, இந்தப் பக்கம் இருந்ததற்கு முப்பத்தொன்று என்று மேடத்தின் எழுத்தைப் போலவே எழுதிச் செருகினேன்.

மேடம் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் ஷெட்டுக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்தார்.

"என் கத்தரிக்குப் பொட்டா!" என்று சிரித்தார். "ஸ்பிரேயருக்கு மாலை வேற! முப்பத்தஞ்சு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன், என் சாமான ஒருத்தரும் இப்படிக் கும்பிட்டதில்ல. நல்லாருங்க."

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாளும் சொல்லவில்லை. நாற்றுகள் வளர்ந்தன. வைகாசியில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் தேறியவற்றைப் பொட்டலம் கட்டி லடாக்குக்கு அனுப்பினோம். அங்கே மேடத்துக்குப் பழக்கமான ஒரு பள்ளி ஆசிரியை தன் வீட்டுச் சுவரோரம் நட்டுப் பார்த்துக்கொள்வார். பனி உருகியதும் ஒரு கடிதம் எழுதுவார். அதுவரை வந்த கடிதங்களில் எல்லாம் ஒரே செய்திதான். எதுவும் பிழைக்கவில்லை.

அடுத்த வருடம் வந்த கடிதத்தில், ஒரு செடி துளிர்த்திருக்கிறது என்று இருந்தது. மேடம் அதை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தார். ஆடி மாதம் இன்னொரு கடிதம். அந்தச் செடி பூத்தது, பூ உதிர்ந்ததும் மறுபடி மொட்டு வைத்திருக்கிறது. உள்ளே இளஞ்சிவப்பு இதழ் ஒன்றைக் காயவைத்து அனுப்பியிருந்தார்.

"எந்த நம்பர்?" என்று பதிவேட்டைத் திறந்தார் மேடம். "ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் பிறந்தது. அடடே, பன்னிரண்டா! நான் நெனைக்கவே இல்ல பாத்தியளா."

அந்த இரண்டு தட்டுகளில் ஒன்று. சரி பாதி வாய்ப்பு நான் சரியாகவே செருகியிருப்பேன், செடிதான் பிழைத்துவிட்டதே, குச்சி வெட்டிப் பதியன் போட்டால் முடிந்தது, தாய் தகப்பன் யாராக இருந்தால் என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்னொரு குளிர்காலம் தாங்கினால் அடுத்த கோடையில் குச்சி எடுக்கலாம் என்று அங்கே எழுதினார் மேடம்.

அடுத்த கோடை அந்தச் செடிக்கு இல்லை. இலையுதிர் காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் போடச் சுவரோரம் தோண்டியிருக்கிறார்கள். ஆசிரியை பள்ளியிலிருந்து வீடு திரும்பியபோது அங்கே மண்மேடுதான் இருந்ததாம்.

மேடம் இரண்டு நாள் தோட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "தாயும் இருக்கு, தகப்பனும் இருக்கு. மறுபடி பெத்துக்கிடலாம்" என்றார்.

அந்த மார்கழியில் ஏழாம் நம்பரின் பூ ஒன்றைக்கூட வேறெதற்கும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் பன்னிரண்டின் மகரந்தம். இந்தத் தடவை லடாக் வரை காத்திருக்க மேடத்துக்குப் பொறுமை இல்லை. மல்லாபூரில் ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் பேசி மூலையில் இடம் வாங்கினார். வளர்ந்த நாற்றுகளை முதலில் காய்கறி வைக்கும் அறையில் சில வாரம் பழக்கிவிட்டு, பிறகு ஐஸ்கிரீம் அறைக்கு மாற்றுவோம். தொட்டிகளை ஆட்டோவில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. கிடங்கு மேஸ்திரி பெரிய மீசை வைத்த பழைய ஹைதராபாத்காரர்.

"அரே மியா, லோகான் குலாபுக்கு வெயில் காட்டுறாங்க, நீ ஐஸ் காட்டுறே. கைக்கு?" என்பார். ஊரார் ரோஜாவுக்கு வெயில் காட்டுகிறார்கள், நீ ஏன் ஐஸ் காட்டுகிறாய் என்று கேட்கிறார். அவருக்கு எங்கள் தமிழும் கொஞ்சம் வரும்.

நான் சிரித்துவிட்டுத் தொட்டியை அடுக்குவேன்.

"இவர்கிட்ட பேச நக்கோ. இவரும் ப்ரீசர்ல இருந்து வந்த ஆளு" என்று தன் ஆட்களிடம் சொல்வார். நக்கோ என்றால் வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து எடுத்துவந்து ஷெட்டில் வைத்துக் காத்திருந்தோம். தண்டுகள் கறுத்தன. ஒன்றும் துளிர்க்கவில்லை. மேடம் ஒவ்வொரு தண்டையும் நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் மனைவியிடமும் மகளிடமும் சொன்னேன். மகள் அப்போது ஒரு கால்சென்டரில் சேர்ந்திருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். "செப்பேய் அப்பா, ஆமெ ஏமன்னா திண்டுந்தா?" என்றாள். சொல்லிவிடு, அவர் உன்னைத் தின்றா விடுவார் என்று. மனைவி மட்டும், "நல்லாருங்கன்னு வாழ்த்தின வாய், இனி என்ன சொல்லுமோ" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். எனக்கு அதுதான் மனதில் நின்றது.

இரண்டாவது வருடமும் அதே மாதிரி. அதே தாய், அதே தகப்பன். எதுவும் பிழைக்கவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் நிலத்துக்காரர் வந்தார். வீட்டின் பின்பாதி நிலம் மேடத்துடையது அல்ல, குத்தகை. சுற்றிலும் அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அவரும் ஒரு பில்டருக்குக் கொடுத்துவிட்டார். பின்பாதியில் இருந்த நாற்பது செடிகளில் பத்துப் பன்னிரண்டைத்தான் முன்பக்கம் மாற்ற முடியும். மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதிவேட்டைப் பார்த்து எதை வைப்பது, எதை எறிவது என்று நம்பர் நம்பராகச் சொன்னார். நான் மண்வெட்டியோடு நின்றேன்.

"முப்பத்தொன்னு" என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தச் செடியையே பார்த்தார்.

அதன் கதை எனக்குத் தெரியும். மலையில் ஒரு காட்டு ரோஜாப் புதரிலிருந்து அவரே பொறுக்கி வந்த விதை. நூற்றுக்கும் மேலே முளைத்ததில் இந்த ஊர் வெயிலைத் தாங்கிப் பிழைத்தது அது ஒன்றுதான்.

"மனசு வரல. ஆனா பிள்ளையள்ல ஒண்ணுகூடத் தேறலயே. எழுதியிருக்கு பாருங்க, அந்தத் தட்டுல எல்லாமே செத்துப்போச்சு. ஒண்ணும் தராத செடிக்கு எடம் கொடுத்தா தர்ற செடி எங்க நிக்கும்? எடுத்துருங்க."

அந்தத் தட்டுக்கு முப்பத்தொன்று என்று எழுதியவன் நான். என் இடுப்பில் கத்தரி இருந்தது. ஒரு குச்சியை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தால் போதும். வெட்டினால் எதற்கு என்று கேட்பார். உண்மையைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. நான் வெட்டவில்லை. சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேரோடு சாய்த்து, மற்ற செடிகளோடு சாலையோரம் கொண்டுபோய்ப் போட்டேன். அந்தச் செடிக்கு முள் அதிகம். முழங்கை முழுவதும் கிழித்துவிட்டது. மேடம் அதைப் பார்த்து டெட்டால் எடுத்துவந்து கொடுத்தார்.

மூன்றாவது வருடம் ஐஸ்கிரீம் அறையிலிருந்து வந்த தொட்டிகளும் கறுத்தன. தொண்ணூறு தொட்டி. கடைசித் தண்டைக் கீறிப் பார்த்துவிட்டு மேடம் ஷெட்டிலேயே ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த மூன்று வருடத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. மகரந்தம் தடவுவது முழுக்க என் பொறுப்பு ஆகியிருந்தது.

"பதிவேடு பொய் சொல்லாது" என்றார், என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல. "அப்ப தப்பு எங்கிட்டதான். அந்த ஒரு செடி பிழைச்சது தற்செயல். சுவரோரச் சூட்டுல பிழைச்சிருக்கும். என்னமோ கண்டுபிடிச்ச மாதிரி நாலு பேருக்கு எழுதிட்டேன். இன்னைக்கு உக்காந்து, நான் எழுதினது தப்புன்னு எல்லாருக்கும் எழுதணும்."

"மேடம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. மண்ணெண்ணெய் என்று சொன்னது நினைவிருக்கிறது. இரண்டு பட்டை, ஜன்னல் பக்கம், இந்தப் பக்கம் என்று கையால் காட்டியது நினைவிருக்கிறது.

பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கோபம் வரும் என்று நான் காத்திருக்க, அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார்.

"அப்ப முப்பத்தொன்னு! அதான் தகப்பன்! காட்டுச் செடியோட பிள்ளை, பிழைக்கத்தானே செய்யும்! எனக்கு அன்னைக்கே தோணிச்சு. சரி, எங்க அந்த..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அபார்ட்மென்டின் இரண்டாவது மாடிக்குச் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் பிடுங்கினேன் மேடம்" என்றேன்.

"தெரிஞ்சே பிடுங்குனியளா?"

"ஹவ்" என்றேன். ஆமாம் என்று தமிழில்கூட வரவில்லை.

மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். "லேபிள் அழிஞ்சது ஒண்ணுமில்ல. நான் எத்தன அழிச்சிருக்கேன். அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு தகப்பனையும் வச்சு மறுபடி செஞ்சிருப்பேன். ஒரு வருஷம் கூட ஆகியிருக்கும், அவ்வளவுதான். எனக்கு மூணு வருஷம் போச்சே. எங்கிட்ட என்ன, இன்னும் முப்பது வருஷமா இருக்கு?"

நான் அழுதேன். அவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்தார். பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"நடந்தத எழுதுங்க. உங்க கையால. தமிழ்லயே எழுதுங்க."

எழுதினேன். லேபிள் அழிந்துபோனது, இரண்டையும் நானே ஊகித்து எழுதினேன், இந்தத் தட்டின் தகப்பன் முப்பத்தொன்றாக இருக்கலாம் என்று எழுதினேன். மேடம் வாங்கிப் படித்தார்.

"இருக்கலாம்னு எழுதாதிய. எனக்கு ஆசை இருக்கு, அதனால அப்படித் தோணுது. உங்களுக்குத் தெரியுமா எதுன்னு?"

"தெரியாது மேடம்."

"அப்ப தெரியாதுன்னு எழுதுங்க."

அடித்துவிட்டுத் தெரியாது என்று எழுதினேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மார்கழியில் எந்தப் பூவுக்கும் உறை மாட்டச் சொல்லவில்லை. ரோஜாக்கள் பூத்து, விரிந்து, தரையில் உதிர்ந்தன. ஒருநாள் வேலிக்கு வெளியே பெண்கள் நின்றபோது, "கேக்கிறவங்களுக்குப் பறிச்சுக் குடுங்க" என்றார் மேடம். பறித்துக் கொடுத்தேன். "என்ன அண்ணா, இன்னிக்கு மழை வரும்" என்று அவர்கள் சிரித்தார்கள்.

அதற்கடுத்த கோடையில் அவர் தங்கையோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். அங்கே இரண்டு வருடம்தான் உயிரோடு இருந்தார் என்று கேள்விப்பட்டேன். போவதற்கு முன் தோட்டத்தையும் பதிவேடுகளையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். பதிவேடுகளை எடுத்துப்போக ஓர் அம்மாள் ஜீப்பில் வந்தார். அங்கே உதவிப் பேராசிரியராம், தெலுங்குக்காரர். சாவி கொடுக்க நான் மட்டும் இருந்தேன். அவர் பதிவேடுகளை எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில் கையை நீட்டி ஒன்றை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். தமிழில் இருக்கிறதே, என்ன இது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த தெலுங்கில் முதலிலிருந்து சொன்னேன்.

அவர் நின்று கேட்டார். ஒரு பென்சிலால் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். செடியைப் பிடுங்கியதை நான் சொல்வதற்குள், முப்பத்தொன்றாம் நம்பர் எந்த வரிசையில் இருக்கிறது, ஒரு குச்சி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.